24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் எடுக்க: பேட்டரி கெடாத வயரிங், படிப்படியாக

ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது காப்பிக்கொட்டையும் மிளகும் சேலத்துக்கு இறக்கும் பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறேன். 24 வோல்ட் வண்டி. பாட்டு செட், செல்போன் சார்ஜர், கேபின் ஃபேன், முன்பக்கக் கேமரா எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் வேண்டியிருந்தது. வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவே இருக்கும் இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஏழாவது மாதம் ஒரு பேட்டரி செத்தது.

அன்று இரவு மலைப்பாதையில் பதினான்காவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ஒரு பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இன்ஜினை அணைத்துக் காத்திருந்தோம். வழி கிடைத்தபோது என் வண்டியின் செல்ஃப் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. முழு லோடு, ஏற்றத்தில் மூக்கு. தள்ளி எடுக்க வழியே இல்லை. பின்னால் வந்த இன்னொரு லாரிக்காரர் கேபிள் போட்டு எடுத்துவிட்டார். இல்லையென்றால் விடியும்வரை அங்கேதான். மறுநாள் வாரண்டி கேட்டுப் போனேன். சார்ஜ் சரியில்லாமல் கெட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இதை முறையாகக் கற்றுக்கொண்டு, மொத்த வயரிங்கையும் பிரித்து மறுபடி செய்தேன். பெரிய வண்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. உங்கள் வண்டி உண்மையிலேயே 24 வோல்ட்தானா என்று பாருங்கள்

இரண்டு பேட்டரி இருந்தால் 24 வோல்ட் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பேட்டரியின் பிளஸ் அடுத்ததன் மைனஸுக்குப் போனால் அது சீரிஸ், 24 வோல்ட். பிளஸ்ஸும் பிளஸ்ஸும், மைனஸும் மைனஸும் சேர்ந்திருந்தால் அது பேரலல். வோல்டேஜ் 12தான், தாங்கும் நேரம் மட்டும் இரட்டிப்பாகும். பழைய வண்டிகளில் கேபிள் கறுத்துப்போய் கிரீஸ் ஏறியிருக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது கடைசி இரண்டு முனைகளுக்கு இடையே 25 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் 24 வோல்ட் வண்டி.

அப்படியே பேட்டரிகளுக்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். சேஸிக்கு எர்த் போகும் பேட்டரி ‘எர்த் பேட்டரி’. செல்ஃபுக்குத் தடித்த கேபிள் போகும் பேட்டரி ‘லைவ் பேட்டரி’. பெயிண்டில் எழுதியே விடலாம். கடையில் பேசும்போது குழப்பம் இருக்காது.

2. எந்தெந்தப் பொருளுக்கு 12 வேண்டும் என்று லேபிளைப் படியுங்கள்

பாதிச் செலவு இங்கேயே மிச்சமாகும். செல்போன் சார்ஜர், கேமரா, ஜி.பி.எஸ். கருவி போன்றவற்றில் நிறைய ‘12/24 வோல்ட்’ என்று போட்டே வருகின்றன. அவை நேராக 24-இலேயே ஓடும். 24 வோல்ட் ஃபேனும், ஹாரனும் தனியாகக் கிடைக்கின்றன. இன்னும் வாங்கவில்லை என்றால் 24 வோல்ட் மாடலையே கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் 12-தான் வேண்டும் என்று நிற்பது பெரும்பாலும் பாட்டு செட்டும், கார் கடையில் வாங்கிய ஒன்றிரண்டு சாமான்களும்தான். அவற்றின் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். என் கணக்கு: செட் சத்தமாகப் பாடும்போது 5, ஃபேன் 2, சார்ஜர் 2. மொத்தம் 9 ஆம்பியர். கணக்கில் வருவதற்கு ஒன்றரை மடங்கு கன்வெர்ட்டர் (24-ஐ 12-ஆக மாற்றும் பெட்டி) வாங்க வேண்டும். அதனால் 15 ஆம்பியர் வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கும் எண் சில மலிவான கன்வெர்ட்டர்களில் ஒரு நொடி தாங்கும் அளவைத்தான் சொல்கிறது. ‘தொடர்ந்து எத்தனை ஆம்பியர்’ என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

3. நடுவிலிருந்து எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நடு இணைப்பிலிருந்து 12 வோல்ட் எடுத்தால் செட்டும் ஃபேனும் எர்த் பேட்டரியை மட்டுமே குடிக்கும். லைவ் பேட்டரி சும்மா இருக்கும். ராத்திரி எஸ்டேட் வாசலில் லோடுக்காகக் காத்திருக்கும்போது 2 ஆம்பியர் ஃபேன் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். 12 ஆம்பியர்-மணி போய்விட்டது, அதுவும் ஒரே பேட்டரியிலிருந்து. காலையில் வண்டி எடுத்ததும் டைனமோ சார்ஜ் செய்யும். ஆனால் பேட்டரிகள் சீரிஸில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே அளவு கரண்ட்தான் போகும். பசித்தவனுக்கும் வயிறு நிறைந்தவனுக்கும் ஒரே அளவுச் சோறு போடுவது போல. லைவ் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கொதிக்கும், தண்ணீர் வற்றும். எர்த் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது. நிறையாமலே கிடக்கும் தகட்டில் சல்பேட் படிந்து இறுகி, அது சார்ஜ் ஏற்க முடியாத நிலைக்குப் போய்விடும்.

சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு இது தெரியாது. அது பார்ப்பது மொத்த வோல்டேஜை மட்டும். என் வண்டியில் இன்ஜின் ஓடும்போது மொத்தம் 28.4 காட்டியது. டேஷ்போர்டு மீட்டரைப் பார்த்தால் எல்லாம் சரி. தனித்தனியாக அளந்தபோது லைவ் பேட்டரியில் 15.3, எர்த் பேட்டரியில் 13.1. ஒன்றைக் கொதிக்கவிட்டு ஒன்றைப் பட்டினி போட்டிருக்கிறேன், ஏழு மாதமாக.

பட்டறையில் “எல்லா லாரியிலும் இப்படித்தானே போடுறோம்” என்பார்கள். உண்மைதான், நிறைய வண்டிகளில் அப்படித்தான் இருக்கிறது. இன்டிகேட்டர் பல்பு மாதிரி சின்னச் சாமான், எப்போதாவது எரிந்தால் பேட்டரி தாங்கிக்கொள்ளும். தினமும் மணிக்கணக்கில் ஓடும் ஃபேனுக்கும் செட்டுக்கும் அது ஆகாது.

இன்னொரு குறுக்கு வழியும் சொல்வார்கள்: ஒயர் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பி போட்டு 24-ஐக் குறைப்பது. செட் சத்தமாகப் பாடும்போது ஒரு வோல்டேஜ், சத்தம் குறைத்தால் வேறு வோல்டேஜ் என்று ஏறி இறங்கும். அந்தக் கம்பி சூட்டில் பக்கத்து ஒயரும் உருகும். வேண்டவே வேண்டாம்.

4. கன்வெர்ட்டரா, ஈக்வலைசரா?

நேர்வழி இரண்டு. கன்வெர்ட்டர் என்பது மொத்த 24-ஐயும் வாங்கி 12-ஆக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. சில கடைகளில் ‘ரெட்யூசர்’ என்பார்கள். எடுப்பதை இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். ஈக்வலைசர் மூன்று ஒயர் கொண்டது: 24, நடு, எர்த். நடுவிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எர்த் பேட்டரி குறைந்தால் மேலிருந்து எடுத்துச் சமன் செய்யும்.

திடீரென்று அதிகக் கரண்ட் இழுக்கும் 12 வோல்ட் சாமான் இருந்தால் ஈக்வலைசர் நல்லது. மற்றவர்களுக்குக் கன்வெர்ட்டரே போதும், விலையும் குறைவு. ஈக்வலைசர் என்றாவது வேலை செய்யாமல் போனால் வெளியே எதுவும் தெரியாது. செட் பாடிக்கொண்டே இருக்கும், பேட்டரி மறுபடி பழைய கதைக்குப் போகும். கன்வெர்ட்டர் கெட்டால் செட் நின்றுவிடும், உங்களுக்கு உடனே தெரியும். நான் கன்வெர்ட்டர் எடுத்ததற்கு அதுதான் முதல் காரணம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கன்வெர்ட்டர் போட்ட பிறகு பழைய நடு ஒயரை முழுதாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கன்வெர்ட்டர் அவுட்புட் பேட்டரி நடுவோடு சேர்ந்து, பெட்டி புகைந்துவிடும்.

5. வாங்கியவையும் ஆன செலவும்

எனக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும்.

15 ஆம்பியர் கன்வெர்ட்டர் 1,650 ரூபாய். 24 வோல்ட் ரிலே (சாவி போட்டால் தானாக இணையும் சுவிட்ச்), சாக்கெட்டோடு 180. இன்புட் பக்கம் பியூஸ் ஹோல்டர் 80, கேபினுக்குள் நான்கு பியூஸ் கொண்ட சின்னப் பெட்டி 250. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், சிவப்பும் கறுப்புமாக 12 மீட்டர், 420. லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை), கொருகேட்டட் குழாய், டை எல்லாம் சேர்த்து 200. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கூலி 900. மல்டிமீட்டர் 350, இது செலவு இல்லை, வண்டியிலேயே இருக்க வேண்டிய சாமான். அதையும் சேர்த்து மொத்தம் 4,030. செத்துப்போன பேட்டரியின் விலையில் இது பாதிகூட இல்லை.

ரிலே வாங்கும்போது காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) வோல்டேஜைப் பாருங்கள். காருக்கு வரும் 12 வோல்ட் ரிலேயும் 24 வோல்ட் ரிலேயும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 12-ஐ 24-இல் போட்டால் சூடாகிக் கருகிவிடும். மேலே அச்சடித்த எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயரும் கடையில் இருக்கிறது. நுனியைச் சீவினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

ஒரு பேட்டரி ஏற்கெனவே கெட்டிருந்தால் அதற்குப் பதில் ஒன்று மட்டும் புதிதாக வாங்கி, பழையதோடு ஜோடி சேர்ப்பது அடுத்த பொறி. புதுசும் பழசும் ஒரே மாதிரி சார்ஜ் ஏற்காது. கன்வெர்ட்டர் போட்டும் சமம் வராது. ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர்-மணி, முடிந்தால் ஒரே மாதம் தயாரான இரண்டை ஒன்றாக வாங்குங்கள். கையில் பணம் இல்லாதபோது இது கசக்கும், தெரியும். நான் முதலில் ஒன்று மட்டும் மாற்றி, ஐந்து மாதத்தில் மற்றதையும் மாற்றினேன். பழைய இரண்டையும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். எடை பார்த்து நல்ல தொகை குறைப்பார்கள்.

6. காகிதங்கள்

வேலை சின்னதுதான், ஆனாலும் காகிதம் முக்கியம். கேபினுக்குள் கன்வெர்ட்டர் வைப்பதால் ஆர்.சி.யில் உள்ள விவரம் எதுவும் மாறாது. இதற்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டியதில்லை. ஆனால் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது தொங்கும் ஒயரும் டேப் சுற்றிய ஜாயின்ட்டும் கண்ணில் படாமல் இருக்காது. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குமேல் வருடா வருடமும் எஃப்.சி. உண்டு. தேதிக்கு ஒரு மாதம் முன்பே வயரிங்கை முடித்துவிடுவது நல்லது.

இன்சூரன்ஸில் கவனம் வேண்டும். கம்பெனி பொருத்தாமல் நாமாக வைத்த எலக்ட்ரிக் சாமானைத் தனியாகச் சொல்லி, அதற்குப் பிரீமியமும் கட்டினால்தான் அது பாலிசிக்குள் வரும். வயரிங் தீப்பிடித்துக் கிளைம் போட்டால் சர்வேயர் முதலில் கேட்பது ‘யார் செய்தது, பில் இருக்கிறதா’ என்பதுதான். எலெக்ட்ரீஷியனிடம் கூலிக்கும் சாமானுக்கும் தேதி போட்டு, வண்டி எண் எழுதி பில் வாங்குங்கள். துண்டுச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிவிடுங்கள். முடித்த வயரிங்கைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

பேட்டரி வாரண்டி கார்டில் கடை முத்திரையும், விற்ற தேதியும், பேட்டரி சீரியல் எண்ணும் வாங்கிய அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘அப்புறம் போட்டுத் தர்றேன்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியே இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தால் கம்பெனி வயரை வெட்டி ஜாயின்ட் போட வேண்டாம். நேராகப் பேட்டரியிலிருந்து தனி ஒயர் எடுங்கள்.

7. வேலை செய்யும் நாள்

அரை நாள் ஒதுக்குங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் எந்தப் பட்டறையிலும் நிதானமாகச் செய்து தர மாட்டார்கள், அந்த வாரத்தைத் தவிருங்கள். முந்தைய இரவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். இரண்டையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் போட்டால் சம நிலையில் தொடங்கலாம்.

மோதிரம், காப்பு, வாட்ச் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரி ஹைட்ரஜன் விடும். முதலில் கழற்ற வேண்டியது சேஸிக்குப் போகும் எர்த் கேபிள். மாட்டும்போது அதுதான் கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பிளஸ்ஸிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டு, நொடியில் சிவக்கும்.

கன்வெர்ட்டரைக் கேபினுக்குள், செட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேட்டரி பக்கத்தில் வைத்து 12 வோல்ட்டை நீளமாக இழுக்காதீர்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 2.5 சதுர மி.மீ. ஒயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிஓம் தடை. பேட்டரியிலிருந்து கேபின்வரை ஐந்து மீட்டர், போக வர பத்து மீட்டர். 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் போனால் 0.63 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அதே வேலைக்கு 24 பக்கம் ஐந்தரை ஆம்பியர்கூட போகாது, இழப்பு 0.4-க்குள், அதுவும் 24-இல். கன்வெர்ட்டர் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

இணைக்கும் வரிசை இது:

லைவ் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் கேபினுக்குள் இருந்தால் பயனில்லை. நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. பியூஸிலிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு; 85, 86, 87 என்பவையும் அதன் மற்ற முனைகள்தான். 87-இலிருந்து கன்வெர்ட்டர் இன்புட்டுக்கு. 86-க்குச் சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயர், ஒரு சின்ன பியூஸோடு. 85 எர்த்துக்கு. கன்வெர்ட்டரின் மைனஸ் ஒயரை எர்த் பேட்டரியின் மைனஸ் வரை தனியாகக் கொண்டுபோங்கள். துருப்பிடித்த பாடி போல்ட்டை நம்ப வேண்டாம். அவுட்புட்டை நான்கு பியூஸ் பெட்டிக்குக் கொடுத்து, செட்டுக்கு 10, ஃபேனுக்கு 5 என்று பிரியுங்கள்.

ரிலே ஏன்? கன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் குடிக்கும். வண்டி பத்து நாள் நின்றால் அதுவும் சேரும். கேபினில் தூங்கும்போது ஃபேன் வேண்டும் என்றால் சாவி ஒயருக்குப் பதிலாகக் காயிலுக்கு நேரே 24 கொடுக்கும் தனிச் சுவிட்ச் ஒன்று வையுங்கள். அந்த 24-ஐ மெயின் பியூஸுக்குப் பிறகு எடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் இருக்க, ‘சாவி – நிறுத்தம் – நேர்’ என்ற மூன்று நிலைச் சுவிட்ச் வாங்கினால் வேலை சுலபம்.

லக்கைக் கிரிம்ப் கருவியில் அழுத்த வேண்டும், பிளையரில் நசுக்கக்கூடாது. மலைப்பாதையின் இருபது வளைவிலும் வண்டி குலுங்கும்போது முதலில் தளர்வது நசுக்கிய லக்தான். தகரம் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம்.

8. வேலை முடிந்த உடனே அளக்க வேண்டியவை

எலெக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் நீங்களே அளந்து பாருங்கள். இன்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு ஒவ்வொரு பேட்டரியிலும் 12.6-ஐ ஒட்டி வர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 0.1-க்குள். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து மொத்தம் அளந்தால் 27.6-இலிருந்து 28.8-க்குள். தனித்தனியாக அளந்தால் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரி ஜோடி சேரவில்லை, அல்லது எங்கோ பழைய நடு ஒயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். கன்வெர்ட்டரைத் தொட்டால் சூடு இருக்கும், கையை வைத்திருக்க முடிய வேண்டும். முடியவில்லையென்றால் காற்று போகும் இடத்துக்கு மாற்றுங்கள். சீட்டுக்கு அடியில் துணிமூட்டைக்கு நடுவே வைக்காதீர்கள்.

பிறகு ஒரு வாரம் கழித்து ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. காலையில் சாவி போடுவதற்கு முன் அளப்பதுதான் சரியான அளவு. பனிக்காலத்தில், காப்பி அறுவடை நடக்கும் நவம்பரிலிருந்து ஜனவரிவரை, ஏற்காட்டுக் குளிரில் பேட்டரி வலு குறையும்; அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நான் ஒரு நோட்டில் தேதி, எர்த் பேட்டரி, லைவ் பேட்டரி என்று மூன்று கட்டம் போட்டு எழுதுகிறேன். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் எந்தப் பேட்டரி அதிகம் குடிக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் அதிகம் குடித்தால் மீட்டர் காட்டுவதற்கு முன்பே அதுதான் முதல் அடையாளம்.

9. பாடி வேலைக்கு விடும்போது

நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி வேலைக்கு வண்டியை விட்டால் வெல்டிங் தொடங்கும் முன் எர்த் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள், கன்வெர்ட்டரின் இன்புட் பியூஸையும் பிடுங்கி டேஷ்போர்டில் வையுங்கள். சொல்லிவிட்டு வந்தால் போதாது, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வண்டியை எடுக்கப் போகும்போது பேட்டரிப் பெட்டியைத் திறந்து, யாராவது அவசர விளக்குக்காக நடு இணைப்பிலிருந்து மறுபடி ஒயர் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். என் வண்டியில் எடுத்திருந்தார்கள்.